வடக்கு ஜன்னலின் சிவப்புப் பொட்டுகள்

இன்று சாயங்காலம் நாலரை மணிவாக்கில் உன் முதல் பொட்டை வெயில் தொட்டது.

நான் அப்போது உங்கள் வீட்டு வடக்கு அறையில் உன் அப்பாவின் கட்டிலை ஒட்டி உட்கார்ந்து, நுங்கை நசுக்கி அவருக்கு ஊட்டிக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்குக் கீழே தரையில் வெளிச்சம் ஒரு சரிந்த கட்டமாக விழுந்து கிடந்தது. அதன் ஓரம் மெல்ல நகர்ந்து வந்து, டைல்ஸின் மேல் நீ வைத்த சிவப்பு நகப்பூச்சுப் பொட்டின் மீது ஏறியது. உன் மதினி எத்தனையோ முறை தேய்த்துப் பார்த்தும் போகாத பொட்டு. அதற்கு அப்பால், அறைக்குள் நீளும் வரிசையில், மற்றப் பொட்டுகள் இன்னும் நிழலில் இருந்தன.

போன சித்திரையில் இதை நீ வைத்தபோது நான் கேலி செய்தேன். "காலுக்கு வைக்கிறதத் தரைக்கு வைக்கிறியே, தரைக்கு மாப்பிள்ள பாக்கப் போறியா?" என்றேன். நீ குனிந்த தலை நிமிராமல், "இது காவக்கார நாயி. வெயில் உள்ள வந்தா குரைக்கும், பாரு" என்றாய்.

இன்று அது குரைத்தது. வீட்டில் என் காதில் மட்டும்தான் விழுந்தது.

நீங்கள் இந்த வீட்டுக்கு வந்தது போன வருஷம் தை மாதம். மார்கழியில் யாரும் வீடு மாற மாட்டார்கள். அதனால் நம் ஊரில் பாதிப் பேர் தை பிறந்ததும் வீடு பார்த்துப் பால் காய்ச்சுவார்கள். நான் அதே கோச்சடையில், அந்த வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருப்பதால் வீடு பார்க்க என்னையும் கூட்டிக்கொண்டு போனாய். நீ, உன் அண்ணன், மதினி, நான். ராகுகாலத்துக்கு முன்னால் பார்த்துவிட வேண்டும் என்று காலையிலேயே மாடி ஏறினோம். தெற்கே ஹால், வடக்கே ஓர் அறை, நடுவில் கதவில்லாத ஒரு வளைவு, அதில் ஒரு திரைச்சீலை. வடக்கு அறையின் தரையில் காலை வைத்ததும் நீ, "யாத்தி, மண்பானைமேல நிக்கிற மாதிரி இருக்குடி" என்றாய். வீட்டுக்காரர் பெருமையாகச் சிரித்தார்.

"வடக்கு ஜன்னலும்மா. குபேரன் தெசை. வெயிலு எட்டிக்கூடப் பாக்காது."

"ஆமா, வடக்குப் பக்கம் வெயில் வராதுன்னு புத்தகத்துலயே போட்டுருக்கு" என்று நீயும் சேர்ந்துகொண்டாய்.

அது நாம் இருவரும் கல்லூரியில் படித்த புத்தகம்தான். குளிர் தேசத்துக்காரர்கள் எழுதியது. அவர்களுக்கு வெயில் வருஷம் முழுக்கத் தெற்கிலிருந்து வரும். வடக்குச் சுவர் அவர்களுக்கு என்றைக்கும் நிழல். தையில் நம் ஊரிலும் அப்படித்தான் இருக்கிறது. சூரியன் தெற்கே ஒதுங்கி நடக்கிற மாதம் அது. தெற்கு ஜன்னல்களுக்கெல்லாம் கட்டியவர் சன்ஷேடு போட்டிருந்தார். வடக்கு ஜன்னல் மொட்டையாக இருந்தது. அதை நாம் நால்வரும் பார்த்தோம். எவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. மதுரையில் தையில் வீடு பார்க்கிற எல்லோரும் இப்படித்தான் பார்க்கிறார்கள் என்று இப்போது நினைக்கிறேன். வீட்டை அதன் நல்ல நாளில் பார்த்துவிட்டு, பால் காய்ச்சிவிட்டு, சித்திரையில் அதனுடன் குடித்தனம் நடத்துகிறார்கள்.

அந்தக் குளிர்ந்த அறையைத்தான் அப்பாவுக்கென்று ஒதுக்கினாய். ஜன்னலை ஒட்டிக் கட்டில். காற்று வரும் என்றாய்.

அப்பாவை எனக்கு உன்னைத் தெரிவதற்கு முன்பே தெரியும். மேலூர்ப் பேருந்தில் நடத்துநர். கல்லூரிக்குப் போன மூன்று வருஷமும் அவருடைய வண்டியில்தான் போனேன். ஆனைமலை ஜன்னலில் வரும்போது நீயும் நானும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்ப்போம். காலையில் அதன் கிழக்குச் சரிவு பளபளவென்று இருக்கும், மேற்குச் சரிவு நீலமாக உறங்கும். சாயங்காலம் திரும்பும்போது இரண்டும் இடம் மாறியிருக்கும். அப்பா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, "உள்ள போ, உள்ள போ. வாசல்ல நின்னு சாமியா கும்புடுறீக?" என்று அதட்டுவார். சொந்த மகளுக்கும் டிக்கெட் கிழிப்பார். நீ முறைத்தால், "வீட்டுலதான் நான் ஒங்கப்பன்" என்பார்.

அந்தக் குரல் போய்விட்டது. இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே பக்கவாதம் வலப்பக்கத்தையும் பேச்சையும் சேர்த்து எடுத்துக்கொண்டது. மருத்துவமனையிலிருந்து வந்த அன்று, எதையோ கேட்க முடியாமல் அவர் அழுததைப் பார்த்துவிட்டு, அவருடைய பழைய விசிலைத் தேடி எடுத்து இடது கையில் கொடுத்தவள் நீ. வாயின் நல்ல ஓரத்தில் வைத்து ஊதினார். அன்றைக்கு அந்த வீட்டில் அழுதுகொண்டே எல்லோரும் சிரித்தார்கள். ஒரு விசில் என்றால் நிறுத்து, வேண்டாம். இரண்டு என்றால் சரி, போகலாம். மதினி மூன்றாவது இட்லி வைக்கப் போனால் ஒரு விசில். காபி என்றால் இரண்டு. தெருவில் போகிற ஆட்டோக்காரர் ஒருமுறை பிரேக் போட்டு நிமிர்ந்து பார்த்தார்.

போன சித்திரையில், அழகர் ஆற்றில் இறங்கிய மறுநாள் என்று நினைவு. வீடு முழுக்கத் திருவிழா அசதி. அண்ணனும் மதினியும் கருப்பாயூரணியில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்தார்கள். நீயும் நானும் ஹாலில் தரையில் படுத்துக்கொண்டு, மின்விசிறிக்கு அடியில் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தோம். மத்தியானம் முழுவதும் உள்ளேயிருந்து விசில் வரவில்லை. அவர் தூங்குகிறார், அதுதான் வீட்டிலேயே குளிர்ச்சியான அறை என்று நீ சொன்னாய். நாலு மணிக்கு மோர் கரைத்துக்கொண்டு உள்ளே போனவள் என் பெயரைச் சொல்லிக் கத்தினாய்.

அவர் உடம்பு அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் போல் இருந்தது. வியர்வை ஒரு பொட்டு இல்லை. கண் திறந்திருந்தது, ஆனால் நம்மைப் பார்க்கவில்லை. விசில் கையிலிருந்து நழுவிக் கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் விழுந்திருந்தது. ஜன்னல் வழியாக வந்த வெயில் அவர் மார்பில் சாய்வாகக் கிடந்தது.

ஈரத்துணி போர்த்தி, ஆட்டோவில் வைத்து, தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனோம். மருத்துவர் பார்த்துவிட்டு, "வெயில் அடிச்சிருக்கு" என்றார்.

"அவரு வெயில்லயே போகலையே டாக்டர். வீட்டுக்குள்ளதான் படுத்திருந்தாரு."

"வீட்டுக்குள்ள வெயில் வராதாம்மா?"

அவர் எரிச்சலாகச் சொன்னாரோ சாதாரணமாகச் சொன்னாரோ தெரியாது. அந்தக் கேள்வியை நீ வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாய். அப்பா பிழைத்து வந்தார். நீ வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு, அந்த அறையில் காலையிலிருந்து இருட்டும்வரை உட்கார்ந்து ஜன்னலையே பார்த்தாய். அண்ணன் பயந்துபோய் எனக்குப் போன் செய்தார். "ஒன் சிநேகிதிக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு. வந்து கொஞ்சம் என்னன்னு கேளு."

நான் வந்தபோது நீ முதல் பொட்டை வைத்துக்கொண்டிருந்தாய்.

"சூரியன் வடக்க வந்துருச்சுடி. சித்திரை பொறந்ததும் நம்ம தலைக்கு நேரா வருது, அதைத் தாண்டி வடக்க போயிருது. ஆவணி வரைக்கும் அங்கனதான் இருக்கும். தையில நிழலா இருந்த சொவரு இப்ப முழுநாளும் வெயில்ல நிக்கிது. நாம பாத்த வீடு வேற, இருக்குற வீடு வேற."

வாரம் ஒரு நாள், அதே நாலரை மணிக்கு, வெயிலின் ஓரத்தில் ஒரு பொட்டு. வைகாசியில் பொட்டுகள் அறைக்குள் நீண்டன. ஆனியில் நடு அறைக்கே வந்துவிட்டன. ஆடியில் வெயில் அதே வரிசையில் பின்வாங்க ஆரம்பித்தது. "போன பஸ்ஸுதான் திரும்பி வருது" என்றாய். அப்பா இரண்டு விசில் ஊதினார்.

அந்த மாதங்களில் உன்னோடு பேசியதெல்லாம் வெயிலைப் பற்றித்தான். நீ கணக்கெழுதிய மோட்டார் காயில் கட்டும் கடையிலிருந்து, சூடு பார்க்கிற துப்பாக்கி போன்ற கருவியைக் கேட்டு வாங்கி வந்தாய். அழுத்தினால் சிவப்பாக ஒரு புள்ளி விழும். எதன்மீது விழுகிறதோ அதன் சூடு எண்ணாகத் தெரியும். மொட்டைமாடித் தரை, தண்ணீர்த் தொட்டி, மேற்குச் சுவர், வடக்குச் சுவர், செருப்பு, பூனை. அண்ணன் நெற்றிக்கும் நீட்டினாய்.

"அண்ணே, ஒனக்கு மண்டச்சூடுன்னு மதினி சொல்றது உண்மதான்."

"ஏ கழுத, அத அங்கிட்டு வையி. கோடையில சூரியன் கிட்ட வருது, சுடுது. இதுக்குப் போயி துப்பாக்கி, பீரங்கி."

"கிட்ட வர்றது மார்கழியிலதான்ணே."

"போடி. கிட்ட இருந்தா எப்புடிக் குளிரும்?"

"கிட்ட இருக்குறது பெருசில்ல. நேராப் பாக்குறதுதான் சுடும். சந்தேகம்னா மதினிகிட்டக் கேளு."

அடுப்படியிலிருந்து மதினி சிரித்த சத்தம் கேட்டது. மதினிக்கு அதை நீ இன்னொரு விதமாகச் சொன்னாய். அவர் கையிலிருந்த கரண்டியை வாங்கி, ஒரு கரண்டி மாவைக் கல்லில் தேய்த்துத் தேய்த்து ஓரம் வரைக்கும் இழுத்தாய். "இது மார்கழி வெயில். சாஞ்சு விழுகுது, அகலமாப் பரவுது, மெலிசாப் போயிருது. பேப்பர் ரோஸ்ட்." அதை எடுத்துவிட்டு அதே அளவு மாவை நட்டநடுவில் ஊற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாய். "இது சித்திரை. தலைக்கு நேரா நின்னு ஒரே எடத்துல ஊத்துது. ஊத்தப்பம். மாவு அதே மாவுதான் மதினி."

"வெயிலு ஊத்தப்பமோ ஆப்பமோ, சட்டி காலியாயிருச்சு. போயி அரைச்சுட்டு வா, சீமாட்டி."

அதன் பிறகு எனக்கு வெயில் என்பது வானத்தில் இருக்கும் ஒன்றாகத் தோன்றவில்லை. செய்தித்தாளில் போடுகிற எண் நிழலில் இருக்கும் காற்றின் சூடு. அந்த எண்ணில் யாரும் வாழ்வதில்லை. ஒவ்வொரு சுவருக்கும், ஒவ்வொரு சரிவுக்கும் தனித்தனிக் கோடை இருக்கிறது. உச்சிப் பொழுதில் மொட்டைமாடி வெயிலை முகத்தில் வாங்குகிறது. அப்போது சுவர்கள் ஒருக்களித்துத் தப்பிக்கின்றன. நாலு மணிக்கு மாடி மூச்சுவிடும்போது மேற்குச் சுவரின் முறை வருகிறது. ஆனைமலை இதைத்தான் காலையும் மாலையும் நமக்குக் காட்டிக்கொண்டிருந்தது. நாம் அதை அழகென்று மட்டும் எடுத்துக்கொண்டோம். பேருந்தில் போகிறவர்களுக்கு அது அழகு. நகர முடியாமல் ஒரே இடத்தில் படுத்திருப்பவருக்கு, சூரியன் எந்தக் கோணத்தில் வருகிறது என்பதுதான் அந்த நாள்.

நீ மொட்டைமாடிக்குச் சுண்ணாம்பு அடித்தாய். ஜன்னலுக்கு வெளியே வெட்டிவேர்த் தட்டியைக் கட்டினாய். உள்ளே திரை போட்டுப் பயனில்லை, வெயில் கண்ணாடியைத் தாண்டிய பிறகு விருந்தாளி ஆகிவிடும், அப்புறம் விரட்ட முடியாது என்றாய். ஆனாலும் மே மாதத்து மத்தியானங்களில் அந்த அறை கொதித்தது. ஹால் அப்படி இல்லை. அதன் தலைக்கு மேல் மாடிப்படி அறையும் தண்ணீர்த் தொட்டியும் இருக்கின்றன. தெற்குச் சுவரில் அந்த மாதங்களில் வெயில் படுவதே இல்லை. கட்டிலை ஹாலுக்கு நகர்த்திவிட்டால் போதும். ஒரு வளைவைத் தாண்ட வேண்டும், அவ்வளவுதான்.

மதினி மறுத்துவிட்டார்.

"படுத்த படுக்கையா இருக்குறவுகளத் தெக்குப் பக்கம் போடக் கூடாது. அது எமன் தெசை. தெரிஞ்சே எமனுக்கு எல போடச் சொல்றியா?"

நீ வாதாடவில்லை. தினம் யாரும் பார்க்காத நேரத்தில் கட்டிலை ஒரு டைல்ஸ் அளவு தெற்கே தள்ளினாய். அப்பாவும் உடந்தை. தள்ளும்போது இரண்டு விசிலை மெதுவாக ஊதுவார், கிட்டத்தட்ட ரகசியமாக. வளைவுக்குக் கீழே திரைச்சீலை அவர் மூக்கில் உரசும் நிலை வந்தபோதுதான் மதினிக்குப் புரிந்தது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "கட்டிலுக்குக் கால் மொளச்சிருச்சோ?" நீ ஒன்றும் தெரியாதவள் போல, "பஸ் நகந்து போறது சகசந்தான மதினி" என்றாய். மதினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே வழி விட்டார். அப்பா அந்தக் கோடை முழுக்க ஹாலில் இருந்து டிவி சீரியல் பார்த்தார். வில்லி வரும்போதெல்லாம் ஒரு விசில். ஆவணி பாதியில் சூரியன் தலையைத் தாண்டித் தெற்கே இறங்கியதும், நீயே கட்டிலை வடக்கு அறைக்குத் திருப்பினாய்.

ஐப்பசி மழையில் உனக்குக் காய்ச்சல் வந்தது. எல்லோருக்கும் வருகிற காய்ச்சல்தான் என்றார்கள். நீயும் அப்படித்தான் சொன்னாய். "ரெண்டு நாளு படுத்தா சரியாயிரும். நீ வேலைக்குப் போ, நான் போன் போடுறேன்" என்றாய். மருத்துவமனையில் உன் கையைப் பிடித்தபோது அது குளிர்ந்திருந்தது. தைமாதத்து வடக்கு அறைத் தரை போல. வேறு எந்த உவமையும் எனக்கு வரவில்லை, மன்னித்துக்கொள்.

கருமாதி முடிந்த அன்று கூட்டத்தில் யாரோ ஒரு பெரியம்மா சொன்னார். யார் என்று எனக்குத் தெரியாது. சொன்னது மட்டும் இன்னும் அந்த வீட்டில் இருக்கிறது. "கட்டிலத் தெக்க இழுத்தா. எமன் வந்தான். கட்டில்ல ஆளக் காணோம்னு இழுத்தவளக் கூட்டிட்டுப் போயிட்டான்." யாரும் மறுக்கவில்லை. மதினி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரோடு சாய்ந்தார். வளைவுக்கு அந்தப் பக்கம், வடக்கு அறையில், அப்பா கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும்.

அன்றிலிருந்து அவர் விசில் ஊதவில்லை. இட்லி அதிகமானால் வாயை மூடிக்கொள்வார். காபிக்குக் கேட்பதில்லை. விசில் தலையணைக்கு அடியில் கிடக்கிறது. இதைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும் என்று இத்தனை நேரமாகச் சுற்றி வருகிறேன். போன சித்திரையில் ஒரு மத்தியானம் விசில் சத்தம் வராமல் போனதற்கே என்ன ஆகியிருக்கும் என்று நமக்குத் தெரியும். இந்தச் சித்திரையில் எல்லா மத்தியானமும் அப்படித்தான். வெட்டிவேர்த் தட்டி மழையில் மக்கிப்போயிற்று. சுண்ணாம்பு கழுவிக்கொண்டு போய்விட்டது. அண்ணன் இருட்டிய பிறகுதான் வேலையிலிருந்து வருகிறார். மதினி ஒருத்திதான் எல்லாவற்றுக்கும். குளிப்பாட்ட, ஊட்ட, துடைக்க. அவர் அசந்து கண்மூடும் ஒரு மணி நேரம் எனக்குப் பயமாக இருக்கிறது.

நான் அந்த வீட்டுக்கு யார் என்ற கேள்வியும் இருக்கிறது. நீ இருக்கும்வரை அது எழவில்லை. இப்போது செருப்பைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் எழுகிறது.

இன்று பொட்டின்மேல் வெயில் ஏறியதும் நான் எழுந்து அடுப்படிக்குப் போனேன். மதினி காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"மதினி, வெயில் உள்ள வந்துருச்சு. அப்பாவ ஹாலுக்கு மாத்திருவமா?"

கத்தி நின்றது. அவர் திரும்பவில்லை.

"அந்தப் பேச்ச எடுக்காத, பாப்பா."

"சூரியன் வடக்க வந்துருச்சு மதினி. இனிமே ஆவணி வரைக்கும்..."

"தெரியும். அவ சொல்லியிருக்கா. ஊத்தப்பம், ரோஸ்ட்டு எல்லாந் தெரியும். அம்புட்டும் புரியத்தான் செய்யுது." இப்போது திரும்பினார். கண் கலங்கியிருந்தது. "புரிஞ்சா பயம் போயிருமா? அவளப் பறிகுடுத்தது பத்தாதா? நாளைக்கு மாமாவுக்கு ஒண்ணுன்னா, மருமக தெக்க இழுத்துப் போட்டான்னு என்னையத்தான் கேப்பாக. ஒன்னைய யாரு கேக்கப் போறா?"

அவர் சொன்னது நியாயம். என்னை யாரும் கேட்க மாட்டார்கள். நான் படித்தவை எல்லாம் என் தலைக்குள் வரிசையாக வந்து நின்றன. பூமியின் சாய்வு, கோணம், சுவரின் சூடு. அவற்றில் ஒன்றுகூட அந்த அடுப்படிக்குள் காலெடுத்து வைக்கவில்லை. நீயாக இருந்தால் எதையாவது சொல்லிச் சிரிக்க வைத்திருப்பாய். எனக்கு அது வராது. நான் சொன்னது இவ்வளவுதான்:

"அப்பாகிட்டக் கேப்போம் மதினி. இதுவரைக்கும் அவர்கிட்ட நாம யாரும் கேக்கவே இல்லையே."

மதினி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

வெயில் கட்டிலின் கால்மாட்டில் ஏறியிருந்தது. நான் தலையணைக்கு அடியிலிருந்து விசிலை எடுத்து, துடைத்து, அவருடைய இடது கையில் வைத்தேன். விரல்கள் மூடிக்கொள்ளவில்லை. மதினிதான் அந்தக் கையைத் தூக்கி, விசிலை வாயின் நல்ல ஓரத்தில் வைத்தார்.

"மாமா, ஹாலுக்குப் போவமா? அவ போட்ட எடத்துலயே போடுறோம். ஒங்களுக்குப் பயமா இருந்தா வேணாம். நீங்க சொல்றதுதான்."

அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. இனி ஒன்றும் நடக்காது என்று நான் நினைத்த நேரத்தில் அவர் மார்பு எழுந்தது. ஒரு விசில். காற்று பாதி, சத்தம் பாதி.

மதினி மூச்சை விட்டார். "பாத்தியா. வேணாங்குறாக."

மதினி விசிலை எடுக்கப் போனார். அப்பா விடவில்லை. விரல்கள் இப்போது மூடியிருந்தன. மறுபடி மார்பு எழுந்தது. இன்னொன்று வந்தது. முதலாவதைவிட மெலிதாக, ஆனால் வந்தது.

இரண்டுக்கும் நடுவே இருந்த இடைவெளி பெரியது. எவ்வளவு பெரியது என்று என்னால் சொல்ல முடியவில்லை. அது ஒன்றும் ஒன்றுமா, இரண்டா?

மதினி என்னைப் பார்க்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு, "ரெண்டு" என்றார். "நான் கேட்டேன். ரெண்டுதான்." முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கட்டிலின் தலைமாட்டைப் பிடித்தார். "கண்டக்டரு ஊதிட்டா அப்புறம் வண்டி நிக்குமா? அந்தப் பக்கம் பிடி, பாப்பா."

டைல்ஸில் இரும்புக் கால்கள் கிறீச்சிட்டன. பொட்டுகளைத் தாண்டினோம். வளைவின் திரைச்சீலை அவர் முகத்தில் உரசியது. அப்போது மதினி, தன் குரலே அல்லாத ஒரு குரலில், ரொம்ப மெதுவாக, "போலாம், ரைட்" என்றார். உன் குரல். நீ கட்டிலைத் தள்ளும்போது சொல்வது. அது மதினி காதில் விழுந்திருந்தது என்பதே இன்றுதான் எனக்குத் தெரியும். நீ ஒவ்வொரு டைல்ஸாகத் தள்ளியதை எல்லாம் தெரிந்தேதான் விட்டிருக்கிறார்.

ஹாலில் கட்டிலைப் போட்டதும் தலைமாட்டைக் கிழக்கே திருப்பினார். சாமி மாடத்திலிருந்து திருநீறு எடுத்து அப்பாவுக்கும் பூசி, எனக்கும் பூசினார். ஏன் எனக்கு என்று நான் கேட்கவில்லை. போன முறை இழுத்தவளுக்கு என்ன ஆயிற்று என்று இருவருக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்து முகம் கழுவாமல் இதை எழுதுகிறேன். திருநீறு இன்னும் இருக்கிறது. அந்த விசில்கள் இன்னும் காதில் இருக்கின்றன. அவர் போகலாம் என்றுதான் சொன்னாரா, அல்லது நிறுத்து என்று சொல்லி, நாங்கள் கேட்கவில்லை என்று மறுபடியும் நிறுத்து என்றாரா? இந்தக் கோடை முழுக்க இதைச் சுமந்துகொண்டுதான் நான் அந்த மாடி ஏற வேண்டும். வெயிலின் கோணத்தை நீ எனக்குக் காட்டிவிட்டாய். பயத்தின் கோணத்தை யாரும் காட்டவில்லை. மதினியின்மேல் மட்டும்தான் அது நேராக விழுகிறது. எனக்குச் சாய்வாக, பரவி, மெலிந்து வருகிறது. அதனால்தான் என்னால் அவ்வளவு சுலபமாகக் கேட்க முடிந்தது.

நாளை சுண்ணாம்பு வாங்க வேண்டும். தட்டிக்குச் சொல்ல வேண்டும். மத்தியானம் மதினி கண்மூடும் நேரத்தில் நான் போய் உட்காருவேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

ஒன்றை மட்டும் மதினியிடம் இன்னும் சொல்லவில்லை. ஆவணியில் சூரியன் திரும்பவும் நம் தலையைத் தாண்டித் தெற்கே இறங்கும். மெல்லச் சன்ஷேடுக்கு அடியில் நுழைந்து தெற்கு ஜன்னலில் வெயில் வரும். கட்டிலை மறுபடி வடக்கே தள்ள வேண்டியிருக்கும். அப்புறம் அடுத்த சித்திரை.

உன் சாமான்களில் எது வேண்டும் என்று கருமாதிக்குப் பிறகு மதினி என்னிடம் கேட்டார். நான் அந்த நகப்பூச்சுப் புட்டியை எடுத்துக்கொண்டேன். இப்போது திறந்து பார்த்தேன். கழுத்தில் காய்ந்திருக்கிறது, அடியில் இன்னும் ஈரம் இருக்கிறது. தெற்கு ஜன்னலுக்கு முதல் பொட்டு வைக்க அது போதும்.